காட்டெலிகளின் இனப்பெருக்கப் பருவத்தைக் களத்தில் கண்டறிவது எப்படி?

சிறு காட்டெலிகள் எந்தெந்த மாதங்களில் இனப்பெருக்கம் செய்கின்றன என்பதை அறிய விரும்புபவர், பொறியில் அகப்படும் எலியின் உடலில் காணும் ஒவ்வோர் அடையாளமும் சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ முன்பு நிகழ்ந்த ஒன்றின் தடயம் என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். பால்குடி மறந்த குட்டிகள் மிகுதியாகக் கிடைக்கும் மாதத்தையே இனப்பெருக்க மாதம் என்று குறித்துவிட்டால், மழையோடும் உணவோடும் அதை ஒப்பிடும் கணக்கு முழுவதும் ஏறக்குறைய இரண்டு மாதம் பிசகிவிடும்.

வேலையைத் தொடங்குமுன் உரிய அனுமதிகளைப் பெற்றுக்கொள்ளுங்கள். எலிகளின் சிறுநீரும் எச்சமும் காய்ந்து எழும் தூசியால் ஹான்டா வைரஸ் பரவக்கூடும். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி ஈரத்தில் காத்திருந்து தோல் கீறல் வழியே உள்ளே நுழையும். ஆகவே கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

உயிருடன் பிடிக்கும் பெட்டிப் பொறிகளே இதற்கு ஏற்றவை. மடக்கக்கூடிய ஷெர்மன் பொறியோ, கூட்டறை இணைந்த லாங்வொர்த் பொறியோ எதுவாயினும், பத்து மீட்டர் இடைவெளியில் ஏழு வரிசையும் ஏழு நிரலுமாக 49 பொறிகள் வைத்தால் ஒரு சிறு கட்டத்துக்குப் போதும். தானியமும் உலர்ந்த பஞ்சும் உள்ளே இருக்க வேண்டும். விடியலில் பார்த்துவிட்டு, வெயில் நாளானால் பகலில் மூடிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் தொடர்ந்து மூன்று இரவுகள், அதை நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்பது நல்ல அளவு. பெரும்பாலான சிற்றெலிகளின் கர்ப்பகாலம் மூன்று வாரம் சொச்சம்தான் என்பதால், இரண்டு மாத இடைவெளி விட்டால் ஓர் ஈற்று முழுவதும் நம் கண்ணில் படாமலே கடந்துபோகலாம். ஓராண்டுத் தரவு அந்த ஆண்டின் கதையை மட்டுமே சொல்லும். பருவத்தின் ஒழுங்கைச் சொல்ல இரண்டு ஆண்டுகளாவது வேண்டும்.

பிடிபட்ட எலியைத் துணிப்பைக்குள் இறக்கி எடை பார்த்து, பிடரித் தோலைப் பற்றி வயிற்றுப் பக்கம் திருப்புங்கள். பிறப்புறுப்பு முனைக்கும் ஆசனவாய்க்கும் உள்ள தொலைவு பெண்ணைவிட ஆணில் தெளிவாக அதிகம். இளம் எலிகளில் பாலினம் பிரிக்க இதைவிட எளிய வழி இல்லை.

பெண் எலியிடம் நிதானமாக நேரம் செலவிடுங்கள். யோனித்துளை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து முலைக்காம்புகள். இதுவரை ஈனாத எலியில் அவை மயிருக்குள் மறைந்து, ஊதி விலக்கினால்தான் தெரியும்; பாலூட்டும் எலியில் அவை நீண்டு, குட்டிகள் சப்பியதால் சுற்றியுள்ள மயிர் தேய்ந்து வெறுந்தோல் வட்டமாகத் தெரியும். பின் விரல்நுனிகளால் அடிவயிற்றை மிக மெதுவாக வருடினால், சினையுற்ற எலியில் கோத்த மணிகள்போலக் கருக்கள் வரிசையாகத் தட்டுப்படும். ஆனால் இது பெரும்பாலும் கர்ப்பகாலத்தின் பிற்பாதியில்தான் தெளிவாகக் கைக்கு எட்டும். எடுத்துக்காட்டாக, 22 நாள் கர்ப்பத்தில் கடைசி 11 நாட்களே நமக்குப் புலப்படும் என்று கொண்டால், 30 வளர்ந்த பெண்களில் 9 சினையாகத் தெரியும்போது உண்மை எண்ணிக்கை 18 அளவில் இருக்கலாம். எல்லா எலிகளும் ஒரே நேரத்தில் சினைப்படத் தொடங்கும் பருவத் தொடக்கத்தில் இந்த இரட்டிப்புக் கணக்கும் குறைவாகவே காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

பல இனங்களில் தாய் எலி ஈன்ற ஒரு நாளுக்குள்ளாகவே மீண்டும் இணைசேரும். அதனால் ஒரே எலி பாலூட்டிக்கொண்டும் சினையாகவும் இருப்பது விந்தையன்று. குறிப்பேட்டில் இவ்விரண்டுக்கும் தனித்தனி நிரல் வேண்டும். பாலூட்டும் தாயில் கரு கருப்பையில் பதிவது தள்ளிப்போய், அடுத்த கர்ப்பம் சில நாட்கள் நீளுவதும் உண்டு. வளையில் குட்டிகள் காத்திருக்கும் என்பதால், பாலூட்டும் எலியை முதலில் பார்த்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவது நம் கடமை.

ஆணைப் பொறுத்தவரை விரைகள் பைக்குள் இறங்கியுள்ளனவா, வயிற்றுக்குள் ஏறியுள்ளனவா என்று பதியுங்கள். அதற்குமேல் அந்தத் தகவலின்மீது எடை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. குளிரிலும் அச்சத்திலும் விரைகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலும் ஆண்கள் பெண்களுக்கு முன்னரே தயாராகிவிடுவதால், அவற்றை வைத்துப் பருவத்தின் தொடக்கத்தைக் கணித்தால் அது உண்மையைவிட முந்திவிடும்.

இளம் எலிகள் கிடைத்தால் நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள். எடையும் சாம்பல் நிறக் குட்டிமயிரும் கொண்டு ஓர் எலிக்கு நான்கு வார வயது என்று மதிப்பிட்டால், ஜூலை 10இல் பிடிபட்ட அது ஜூன் 12 வாக்கில் பிறந்து, 22 நாள் கர்ப்பமெனில் மே 21 அளவில் கருவுற்றிருக்கும். வரைபடத்தின் கிடை அச்சில் இந்தக் கருவுற்ற நாளே வர வேண்டும். இளம் எலிகள் கிடைக்கவில்லை என்பதால் ஈற்றே நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வளைக்குள்ளேயே அவை மடிந்திருக்கலாம்.

காரணத்தைத் தேடும்போது பகல்நேர நீளத்திலிருந்து தொடங்குவது வழக்கம். இரவு நீளும்போது மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலட்டோனின் என்ற ஹார்மோனை நெடுநேரம் சுரக்கிறது. அந்தச் சுரப்பின் கால அளவைக்கொண்டு உடல் பருவத்தை அறிகிறது. தங்க நிற ஹாம்ஸ்டரில் பகல் 12.5 மணி நேரத்துக்குக் கீழே சென்றால் விரைகள் சுருங்கிவிடும் என்பது ஆய்வகங்களில் நன்கு நிறுவப்பட்டது. ஆனால் களத்தில் உணவு இந்தக் கடிகாரத்தை மீறக்கூடும். வட அமெரிக்காவின் மலைப்புல்வெளிகளில் வாழும் மலை வோல் எனும் குட்டைவால் எலிகள், இளம் புல் முளைகளிலுள்ள 6-எம்பிஓஏ என்ற சேர்மத்தை உண்டதும் இனப்பெருக்கத்தைத் தொடங்குவதாக 1981இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆப்பிரிக்காவின் பன்முலை எலிகள் தான்சானியாவில் மழையைப் பின்தொடர்ந்தே ஈனுகின்றன.

எனவே அன்றாட மழையளவு, வெப்பநிலை, பச்சைப் புல் முளைப்பின் தரம் ஆகியவற்றையும் ஒவ்வொரு முறையும் எழுதிவையுங்கள். மழையை அதே மாதத்தோடு மட்டுமன்றி, ஒரு மாதமும் இரண்டு மாதமும் தள்ளிவைத்தும் ஒப்பிட வேண்டும். ஒப்பீடு பொருந்திவிட்டால் காரணம் கிடைத்துவிட்டதாகாது. சில பொறிக் கட்டங்களில் கூடுதல் தானியம் இட்டு, மற்றவற்றை அப்படியே விட்டு, பருவம் முந்துகிறதா என்று பார்ப்பதே நேரான சோதனை.

பருவமற்ற காலத்தில் ஒரே ஒரு சினை எலி கிடைத்தால், அதைப் பிழையென்று அடித்துவிடத் தோன்றும். அந்த எலியின் காதில் மாட்டிய அடையாள எண்ணைக் குறித்து, அடுத்த முறை அது பிடிபடும்போது முலைக்காம்புகளைப் பார்த்த பிறகே குறிப்பேட்டின் அந்த வரியைத் தொடுங்கள்.