ஷட்டருக்கு முன்னும் பின்னும்: ஆக்‌ஷன் ஸ்போர்ட்ஸ் புகைப்படக்காரர்கள் செய்யும் தவறுகள்

சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் முதன்முதலாக அலைச்சறுக்கைப் படமெடுக்கப் போன நாளில் காலை ஐந்தரைக்கே கரையில் நின்றேன். ஒன்பது மணிக்குக் கிளம்பும்போது கார்டில் ஆயிரத்துக்கும் மேல் படங்கள். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தால், எல்லாவற்றிலும் பலகைமேல் ஒரு கரிய உருவம். பெற்ற அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. கிழக்குக் கரையில் விடியற்காலை வெயில் எங்கிருந்து வரும் என்று யோசிக்காமல் போனவனிடம்தான் கோளாறு.

அலைச்சறுக்கு, ஸ்கேட்போர்டு, பைக் ரேஸ் போன்றவற்றைப் படமெடுக்க வரும் தம்பிகள் என்னிடம் கேட்பதெல்லாம் லென்ஸும் ஷட்டர் வேகமும்தான். அவற்றைச் சொல்லித்தர யூடியூபில் ஆள் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை, இந்த வேலையில் படமும் பணமும் கைவிட்டுப் போவது ஷட்டரை அழுத்துவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும், அழுத்தியபிறகு வரும் ஒரு வாரத்திலும்.

நிற்கும் இடம்

சென்னைக் கடற்கரையில் ஒரு சிக்கல் உண்டு. இரவில் கடலைவிட நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதனால் விடியற்காலையில் கரையிலிருந்து கடலைப் பார்த்து மெல்லிய காற்று வீசும். அந்தக் காற்றில்தான் அலையின் முகம் கண்ணாடிபோல வழுவழுப்பாக நிற்கும். நிலம் சூடேறியபிறகு கடற்காற்று உள்ளே வரும், அலை கலைந்து நொறுங்கத் தொடங்கும். ஆக, நல்ல அலை காலையில். அந்த நேரத்துச் சூரியனோ கடலுக்கு மேலே, நம் லென்ஸுக்கு நேர் எதிரே. மாலையில் வெயில் நம் முதுகுப்பக்கம் வந்து அழகாக விழும்போது பெரும்பாலும் அலை போயிருக்கும். இலங்கையின் அறுகம் குடாவிலும் இதே கதைதான், அதுவும் கிழக்குக் கரை. கேரளத்துக் கோவளத்தில் அப்படியே தலைகீழ்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. விடிந்ததும் முதல் அரை மணி நேரம் நிழலுருவத்துக்கு என்றே ஒதுக்கிவிடலாம். வானத்தின் பிரகாசத்துக்கு எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை) வைத்துவிட்டு, பலகை திரும்பும்போது சிதறும் நீர்த்துளிகளில் வெயில் ஊடுருவுவதைப் பிடித்தால் அதுவே ஒரு படம். அப்புறம் கரையோரமாக நடந்து, வெயில் பக்கவாட்டில் விழும் கோணத்துக்குப் போக வேண்டும். சில சமயம் 200 அடி தள்ளிப் போனாலே முகம் தெரியும். நீச்சல் தெரிந்தவர்கள் தண்ணீரில் இறங்கி, உடையும் இடத்துக்குப் பக்கத்தில் அலையின் தோளோரம் மிதந்து எடுக்கிறார்கள். மோசமான தேர்வு ஒன்றே ஒன்றுதான்: பார்க்கிங்கிலிருந்து நேராக நடந்து, கால் நின்ற இடத்திலேயே ட்ரைபாடை விரிப்பது.

அப்படி விரிக்கிற இடம் பல நேரம் மீனவர்கள் படகு இறக்கும் வழியாகவும் இருக்கும். அவர்கள் ஒதுங்கச் சொல்லும்போது முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் வேலை செய்யும் இடம், நாம் வந்து போகிறவர்கள். தவிர, இன்று அலை எப்போது எழும்பும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை எந்தச் செயலியையும்விட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். கோவளத்தில் அலைச்சறுக்கு வேரூன்றியதே மூர்த்தி மேகவன் என்ற மீனவரால்தான்.

அழுத்திப் பிடித்தால் வந்துவிடும் என்ற நம்பிக்கை

இன்றைய கேமராக்கள் நொடிக்கு 20, 30 படங்கள் எடுக்கின்றன. சோனி ஏ9 III நொடிக்கு 120 வரை போகும். இதனால் வந்த வினை, ஆட்டத்தைப் பார்க்காமலே பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது. 20 வேகத்தில் 10 நொடி பிடித்தால் 200 படங்கள். உச்சக்கட்டம் வரும் நேரத்தில் கேமராவின் பஃபர் (படங்களைத் தற்காலிகமாகத் தாங்கும் நினைவகம்) நிறைந்து வேகம் விழுந்துவிடும். அது தப்பித்தாலும், இரவு முழுக்க உட்கார்ந்து கழித்துக்கட்ட வேண்டியவன் யார்?

2024 ஜூலை 29 அன்று, பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி தாஹிதித் தீவின் தேஆஹுபோவில் நடந்தபோது, பிரேசில் வீரர் காப்ரியேல் மெடினா 9.90 புள்ளி வாங்கிய அலையிலிருந்து வெளியே எகிறினார். ஒரு விரலை உயர்த்திக்கொண்டு அந்தரத்தில் நிற்பதுபோல அவரும், பக்கத்தில் செங்குத்தாக அவர் பலகையும் இருந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எடுத்தவர் ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனத்தின் ஜெரோம் ப்ரூயே. படகிலிருந்து எடுத்தார். மெடினா தண்ணீருக்கு மேலே இருந்த அந்தக் கணத்தில் அவருக்குக் கிடைத்தவை நான்கு படங்கள், அதில் ஒன்று இது. அலை முடியும் இடத்தில் மெடினா எகிறிக் குதிப்பார் என்று எதிர்பார்த்துக் காத்திருந்ததால் வந்த படம் அது. அலையோடு ஆட்டம் முடிந்தது என்று கேமராவை இறக்கியிருந்தால் அந்த நான்கும் இல்லை.

எனவே எடுக்கப்போகும் விளையாட்டைக் குறைந்தது இரண்டு நாளாவது கேமரா இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். சர்ஃபர் இடது காலை முன்வைப்பவரா வலது காலையா என்பதையும், அலை எந்தப் பக்கம் உடைகிறது என்பதையும் பொறுத்து, அவர் நெஞ்சு அலையைப் பார்த்திருக்குமா கரையைப் பார்த்திருக்குமா என்பது மாறும். ஸ்கேட்போர்டில் வேறு நியாயம். பையன் அந்தரத்தில் இருப்பது மட்டும் தெரிந்தால் போதாது, எங்கிருந்து எழும்பினான், எங்கே இறங்கப்போகிறான் என்ற இரண்டும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். அந்த வித்தையை அவன் விழாமல் முடித்திருக்கவும் வேண்டும். விழுந்த வித்தையைச் செய்து முடித்ததுபோலக் காட்டி வெளியிடுவதை அந்த உலகம் ஏமாற்று என்றே பார்க்கிறது. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

ரேஸில் நேர்மாறான தவறு. பயந்துபோய் நொடியில் 1/2000 பங்கு ஷட்டர் வேகத்தில் எடுத்து வைப்பார்கள். எல்லாம் கூர்மையாக இருக்கும், சக்கரம் உறைந்துபோய், கார் சிக்னலில் நிற்பதுபோல இருக்கும். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் பழகும் பயிற்சி நாள்களில் 1/250-இல் தொடங்கி 1/125, 1/60 என்று இறங்கி, வண்டியோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பிப் பேனிங் பழக வேண்டும். முதல் நாள் நூற்றுக்கு ஐந்து தேறினால் சந்தோஷப்படலாம்.

இரவுப் போட்டி என்றால் இன்னொன்றும் உண்டு. 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கி.மீ. தெருத்தடத்தில் ஃபார்முலா 4 கார்கள் விளக்கொளியில் ஓடின. இந்த மாதிரி செயற்கை ஒளியில் எலெக்ட்ரானிக் ஷட்டரை வைத்தால், விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பது படத்தில் பட்டை பட்டையாக விழக்கூடும். சென்சாரைச் சாவகாசமாகப் படிக்கும் கேமராவில் சக்கரமே முட்டை வடிவத்தில் நெளியும். பயிற்சிச் சுற்றிலேயே இரண்டு விதமாகவும் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

தடத்தோரப் பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வண்டி வரும் திசைக்கு முதுகைக் காட்டாதீர்கள், தடுப்பு வேலிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், தடத்தைக் கவனிக்கும் மார்ஷல் போ என்றால் போங்கள். காதில் அடைப்பான் வையுங்கள்.

உப்பும் ஏ.சி.யும்

சென்னையில் கேமரா கெடுவதற்குக் கடலில் விழத் தேவையில்லை. ஏ.சி. காரில் ஒரு மணி நேரம் வந்து, கதவைத் திறந்து, பையிலிருந்து லென்ஸை வெளியே எடுத்தால் போதும். புழுக்கக் காற்று பட்டதும் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். துடைத்தால் மறுபடி வியர்க்கும். நல்ல அலை வருவதும் அப்போதுதான். மூடிய பையை அப்படியே வெளியே வைத்துவிட்டு, இருபது நிமிடம் டீ குடியுங்கள். இல்லையென்றால் கடைசிச் சில கிலோமீட்டருக்குக் காரில் ஏ.சி.யை அணைத்துவிடுங்கள்.

தண்ணீரில் இறங்குபவர்கள் கேமராவை வைக்கும் ஹவுசிங்கில் ஓ-ரிங் என்று ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதில் ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் மாட்டினாலும் தண்ணீர் உள்ளே வரும். அதை முந்தின இரவே வீட்டில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, துடைத்து, மெல்லிசாக சிலிகான் கிரீஸ் தடவி மூட வேண்டும். கடற்கரையில் மணலில் உட்கார்ந்து மூடியவர்களில் நானும் ஒருவன். கேமராவை வெளியே வைத்துவிட்டு, காலி ஹவுசிங்கை மட்டும் முதலில் ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்திருந்தால் ஒரு கேமரா மிச்சமாகியிருக்கும். வெளியே வந்ததும் திறக்கக் கூடாது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, நம் தலையையும் துவட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். கூந்தலிலிருந்து சொட்டும் ஒரு துளி உப்புநீர் போதும்.

யார் இவர்?

போட்டிப் படத்தைக் கேட்பவர்களுக்குப் பெயர் வேண்டும். அலைச்சறுக்குப் போட்டியில் ஒரு சுற்றில் இறங்குபவர்களுக்குச் சிவப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம் என்று ஆளுக்கொரு நிறச் சட்டை தருவார்கள். அடுத்த சுற்றில் அதே சிவப்பு வேறொருவர் உடம்பில் இருக்கும். சாயங்காலம் உட்கார்ந்து நினைவிலிருந்து பெயர் எழுதினால் நிச்சயம் தப்பாகும். நான் செய்வது இதுதான்: ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போது, அறிவிப்புப் பலகையில் இருக்கும் பெயர்ப் பட்டியலை ஒரு படம் எடுத்துவிடுவேன். அதற்குப் பின்னால் வரும் படங்கள் எல்லாம் அந்தச் சுற்று. இரண்டு கேமரா வைத்திருந்தால் இரண்டின் கடிகாரமும் ஒரே நொடியைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வரிசைப்படுத்தும்போது, வென்றவர் கோப்பையை வாங்கிவிட்டு அப்புறம் அலையில் ஏறுவார்.

எடுத்தவனுக்குத்தானே சொந்தம்?

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு தம்பி போன் செய்தான்.

"அண்ணா, நான் எடுத்த படத்தைக் கேக்காமலே விளம்பரத்துல போட்டுட்டாங்க. கேஸ் போடலாமா?"

"யார் எடுக்கச் சொன்னது?"

"அவங்கதான். அன்னிக்கே காசு குடுத்துட்டாங்க."

"எழுத்துல ஏதாவது இருக்கா?"

இல்லை. எப்போதும் இருப்பதில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, படம் எடுத்தவரே அதன் முதல் உரிமையாளர் என்பது பொது விதி. ஆனால் 17-ஆம் பிரிவில் விலக்குகள் உண்டு. ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில், அவரிடம் பணம் பெற்றுக்கொண்டு எடுத்த புகைப்படத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எடுத்தது என்றால் அதுவும் பொதுவாக முதலாளிக்கு. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து 'எடுத்தவனுக்கே உரிமை' என்று நம்பி வரும் நம் ஆட்கள் சறுக்குவது இங்கேதான்.

எனக்கும் நடந்தது. ஒரு நிறுவனத்துக்காக ஒருநாள் சம்பளத்துக்கு எடுத்த படம், ஆறு மாதம் கழித்து பழைய மகாபலிபுரம் சாலையில் பஸ் நீளத்துக்குப் பலகையில் நின்றது. கோபமாக வக்கீலிடம் போனேன். அவர் சட்டப் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வேலை ஒப்புக்கொள்ளும்போதே, உரிமை என்னிடம் இருக்கும், இன்ன பயன்பாட்டுக்கு, இத்தனை மாதத்துக்கு, இன்ன ஊடகத்தில் மட்டும் பயன்படுத்தலாம் என்று அரைப்பக்கம் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும்படி செய்துவிடுகிறேன். உரிமை நம்மிடம் நின்றால் அது நம் ஆயுளுக்கும் அதற்கப்பால் 60 ஆண்டுக்கும் நிற்கும். பேரப்பிள்ளைகளுக்கும் ஆகும். 'பேர் போடுறோம், காசு கேக்காதீங்க' என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. பேரைக் கொண்டுபோய் மளிகைக் கடையில் கொடுக்க முடியாது.

போட்டிக்கு அனுமதி அட்டை தரும்போது அதில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும், அதையும் படியுங்கள். படத்தை விற்கக் கூடாது என்று இருக்கலாம். ட்ரோன் என்றால் அரசின் ட்ரோன் வான்வெளி வரைபடமான டிஜிட்டல் ஸ்கையில் அந்த இடம் சிவப்பா மஞ்சளா பச்சையா என்று பார்க்காமல் பறக்கவிடாதீர்கள். மகாபலிபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே அதே கரையில்தான் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. சிறுவர் சிறுமியர் படத்தை விற்பதற்கோ விளம்பரத்துக்கோ கொடுப்பதானால் அவர்கள் அம்மா அப்பாவிடம் கேட்டுவிட வேண்டும். குப்பத்துப் பிள்ளைகள்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு கேவலமானது.

கடைசியாக ஒன்று. எடுத்த படத்தை ஆடியவர்களுக்குக் காட்டாமலே போய்விடுபவர்கள் நிறையப் பேர். நான் அன்று இரவே ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று படங்களைச் சின்ன அளவில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன், அவர்கள் ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்ளட்டும் என்று. அலை திடீரென்று எழும்பும் நாளில் காலை நாலரை மணிக்கு "அண்ணா, கிளம்பி வா" என்று எனக்குப் போன் வருவது அவர்களிடமிருந்துதான்.