சட்டாம்பிள்ளை ஆக்காமல் சொல்லிக்கொடுக்க வைப்பது எப்படி?

ஒரு மாணவர் இன்னொரு மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை, அதாவது ஆசிரியருக்குத் துணையாக இருந்த மூத்த மாணவர், அதைத்தான் செய்தார். 1789இல் எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளுக்கான காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதையே தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இணங்காததால், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே சிறு பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தார். 1797இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூலின் வழியே அது 'மெட்ராஸ் முறை' என்று பிரிட்டனில் பரவியது. ஆனால் அங்கே ஒரு சிறுவனின் கையில் ஒரு கூட்டமே ஒப்படைக்கப்பட்டது. கூடவே அதிகாரமும் அவன் கைக்குப் போனது. நம் வகுப்புக்கு வேண்டியது அதுவன்று. இருவர் அருகருகே அமர்ந்து, ஆசிரியர் ஏற்கெனவே நடத்திவிட்ட பாடத்தை இருபது நிமிடம் பயிற்சி செய்வது மட்டுமே போதும். புதிய பாடத்தை ஒருபோதும் இம்முறையில் தொடங்க வேண்டாம்.

முதல் வேலை இணை சேர்ப்பது. எல்லாரும் செய்யும் தவறு, முதல் மாணவரைக் கடைசி மாணவருடன் உட்கார வைப்பது. இடைவெளி அவ்வளவு பெரிதாக இருந்தால் ஒருவருக்குப் பொறுமை போகும், மற்றவருக்கு மானம் போகும். நாற்பது பேர் உள்ள வகுப்பில், அந்தப் பாடத்தில் ஒரு சிறு தேர்வு வைத்து, மதிப்பெண் வரிசையில் பெயர்களை எழுதிப் பட்டியலை நடுவில் இரண்டாகப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றாமவருடன் இருபத்தொன்றாமவர், இரண்டாமவருடன் இருபத்திரண்டாமவர் என்று சேர்த்துக்கொண்டே போனால், கடைசி இணையில் இருபதாமவரும் நாற்பதாமவரும் வருவார்கள். அந்தப் பட்டியலை மாணவர் கண்ணில் காட்டக் கூடாது. யாருடன் உட்காருவது என்பதை அவர்கள் விருப்பத்துக்கும் விடக் கூடாது. விட்டால் தெருவும் உறவும் பார்த்துத்தான் பெஞ்சு நிறையும். வருகை ஒற்றைப்படையானால் மூவரை ஒரு குழுவாக்கலாம்.

அடுத்தது பயிற்சி, பெரும்பாலான வகுப்புகளில் இம்முறை தோற்பது இங்கேதான். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குக் கணக்குப் போடத் தெரியும், கேள்வி கேட்கத் தெரியாது. ஆகவே கரும்பலகைக்கு முன் இரு மாணவரை உட்கார வைத்து நடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பின்னக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1/2 + 1/3 என்பதற்கு ஒரு மாணவி தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டி 2/5 என்று எழுதிவிடுகிறாள். "தப்பு, இங்க கொடு" என்று பென்சிலைப் பிடுங்கி 5/6 என்று எழுதிக் கொடுப்பது சட்டாம்பிள்ளை வேலை. மாறாக, "அரை தோசை இருக்கு, அதோட இன்னும் கொஞ்சம் தோசை வைக்கிறோம். அப்போ அரையை விடக் கூடணுமா, குறையணுமா?" என்று கேட்க வேண்டும். கூட வேண்டும் என்று அவள் சொன்னதும், "2/5 அரையை விடப் பெருசா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால், தன் விடையில் கோளாறு இருப்பது அவளுக்கே தெரிந்துவிடும்.

அந்தக் காத்திருப்பு பிள்ளைகளுக்கு எளிதில் வராது. மனத்துக்குள் பத்து வரை எண்ணச் சொல்லலாம். இரண்டு விதிகளை மட்டும் கண்டிப்பாக வையுங்கள்: பென்சில் கற்பவர் கையை விட்டுப் போகக் கூடாது, விடையைச் சொல்லும் முன் இரண்டு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். பத்து நிமிடம் ஆனதும் பொறுப்பை மாற்றிவிடுங்கள். பின்தங்கிய மாணவர் கையில் சரியான விடைகள் எழுதிய தாளைக் கொடுத்தால், அவரும் கேள்வி கேட்பவராகிவிடுவார். எப்போதும் ஒரே ஆள் 'சார்' ஆகவும் மற்றவர் 'மக்கு' ஆகவும் நிலைத்துவிடும் ஆபத்து பெருமளவு குறையும்.

அந்த இருபது நிமிடமும் ஆசிரியர் மேசையில் அமர்ந்து நோட்டுத் திருத்தும் நேரம் என்று எண்ணிவிட வேண்டாம். பெஞ்சு பெஞ்சாக நடந்து காது கொடுத்துக் கேளுங்கள். சொல்லிக்கொடுப்பவரே தவறாகச் சொன்னால் பலர் முன் திருத்தாமல், குனிந்து அந்த இணையிடம் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள். ஒரே தவறு நான்கைந்து இணைகளில் தென்பட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு நீங்களே மறுபடி நடத்த வேண்டும். இரைச்சல் இருக்கத்தான் செய்யும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

"என் பிள்ளை படிக்க வந்தானா, பாடம் எடுக்க வந்தானா?" என்று ஒரு பெற்றோராவது கேட்பார். அவருக்குக் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்: 2/5 ஏன் தவறு என்று இன்னொருவருக்குப் புரியவைக்க முயலும்போதுதான், தனக்கு அது எவ்வளவு புரிந்திருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கே தெரிகிறது. அதோடு, இது வாரத்துக்கு மூன்று நாள், இருபது நிமிடம் மட்டுமே என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து கணக்குகளைத் தனித்தனியே எழுதச் சொல்லி, இருவரின் மதிப்பெண்ணையும் போன வார மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை இணைகளை மாற்றலாம். ஒத்துப்போகாத இணையை மட்டும் அதுவரை காத்திருக்க வைக்காமல், காரணம் கேட்டு யாரையும் சங்கடப்படுத்தாமல், மறுநாளே இடம் மாற்றிவிடுங்கள்.