கடல்புல் பாக்டீரியாவைக் கணக்கிடும்போது

ராமேஸ்வரம் அருகே மண்டபத்தில், இலையில் வாழும் பாக்டீரியாவைக் கணக்கிடக் கடல்புல் மாதிரியோடு வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, எங்கே, எப்போது எடுத்தீர்கள் என்பதுதான். வடகடல் (பாக் விரிகுடா) மாதிரியை வாடைக்காற்று மாதத்திலும் தென்கடல் (மன்னார் வளைகுடா) மாதிரியைக் கச்சான் மாதத்திலும் எடுத்திருந்தால், வித்தியாசம் கடலால் வந்ததா, பருவத்தால் வந்ததா என்று எந்தச் சோதனையாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே கடல்புல் திட்டில் பறித்த பத்து இலைகளும் பத்து மாதிரி ஆகாது. ஒரு திட்டு, ஒரு மாதிரி.

எந்தெந்த பாக்டீரியா இருக்கிறது என்று அடையாளம் காண நாம் படிப்பது 16எஸ் என்ற மரபணுவை. அது இலையின் பசுங்கணிகத்திலும் உண்டு. அதனால் பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ வரிசைகளை முதலில் நீக்குங்கள். இலையே போடாத வெற்று மாதிரி ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். அதில் வருவது ரசாயனத்திலிருந்தோ ஆய்வகத்திலிருந்தோ வந்தது.

சரி, இனிதான் முக்கியமான இடம். மொத்தம் எத்தனை வரிசை படிக்கலாம் என்பதை இயந்திரம் தீர்மானிக்கிறது, கடல் அல்ல. இலையில் விப்ரியோ என்ற பாக்டீரியா 100, மற்றவை 900 என்று வைத்துக்கொள்வோம். மற்றவை செத்து 400 ஆகிவிட்டால், விப்ரியோ ஒன்றுகூடப் பெருகாமலே 10 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிடும். சதவீதத்தை மட்டும் பார்த்து விப்ரியோ பெருகியது என்று எழுதினால் அது பொய். புள்ளியியலாளர் ஜான் எய்ச்சிசன் 1980-களிலேயே இதற்கு வழி காட்டினார்: ஒவ்வோர் எண்ணுக்கும் மடக்கை எடுத்து, அந்த மாதிரியின் மடக்கைச் சராசரியைக் கழியுங்கள். பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது. மிக அரிதானவற்றை நீக்கிவிட்டு எல்லா எண்ணோடும் 0.5 கூட்டுங்கள். பிறகு 1 கூட்டியும் பாருங்கள். முடிவு மாறினால் அந்த முடிவை நம்ப வேண்டாம்.

இரண்டு கடலையும் ஒப்பிடப் பெர்மனோவா போதும். மாதிரிகளின் கடல் பெயரைப் பலமுறை கலைத்துப் போட்டு, வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் சோதனை அது. ஆனால் கலைத்துப் போடும்போது இலையை அல்ல, திட்டைக் கலைக்க வேண்டும். இரு கடலிலும் மாதிரிகள் ஒன்றுக்கொன்று வேறுபடும் அளவு, அதாவது சிதறல், ஒரே அளவா என்றும் பாருங்கள். சிதறல் வேறுபட்டாலே அந்தச் சோதனை வித்தியாசம் காட்டக்கூடும்.

கடைசியாக, ஒவ்வொரு பாக்டீரியாவாகச் சோதிப்பது. 400 சோதனை செய்தால், உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் 5 சதவீத அளவில் சுமார் 20 தற்செயலாக வரும். இப்படி வரும் பொய் முடிவுகளைக் கட்டுப்படுத்தும் பெஞ்சமினி–ஹாக்பெர்க் திருத்தம் கட்டாயம். விப்ரியோ உண்மையிலேயே பெருகியதா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், அதே மாதிரியில் மொத்த பாக்டீரியா அளவைக் கியூபிசிஆரில் (டிஎன்ஏவின் அளவை அளக்கும் முறை) அளக்க வேண்டும். அதற்கான டிஎன்ஏவை மாதிரி பிரிக்கும் நாளிலேயே தனியாக எடுத்து வையுங்கள்.