ரன்வே வரை இறங்கிய விமானம் மறுபடி மேலே ஏறினால் என்ன செய்வது?

முதலில், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருங்கள். பெல்ட்டை வயிற்றுக்கு மேல் இல்லாமல் இடுப்போடு ஒட்டி இறுக்குங்கள், மடியில் லேப்டாப்போ கனமான பையோ இருந்தால் முன் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். எழுந்து நிற்க வேண்டாம், பெல் அடித்துப் பணிப்பெண்ணைக் கூப்பிடவும் வேண்டாம். அவரும் அந்த நேரத்தில் பெல்ட் போட்டுக்கொண்டுதான் இருப்பார், காரணம் அவருக்கே இன்னும் தெரிந்திருக்காது.

இதற்கு கோ-அரவுண்ட் என்று பெயர். பைலட்டுகள் ஒவ்வொரு முறை சிமுலேட்டர் பயிற்சிக்குப் போகும்போதும் பழகுகிற காரியம்தான், ஆனால் உள்ளே இருப்பவருக்குப் பயங்கரமாக இருக்கும், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மொட்டைமாடியில் காயும் துணிகூடத் தெரிகிற உயரத்துக்கு வந்தபிறகு திடீரென்று இன்ஜின் இரையும், முதுகு சீட்டோடு அழுந்தும், விமானத்தின் மூக்கு நிமிரும், நாம் செங்குத்தாகப் போகிறோம் என்றே உடம்பு நம்பிவிடும் (வேகம் கூடுவதை நம் காது ஏற்றமாகவும் சேர்த்து எடுத்துக்கொள்வதால் அப்படி). சில நொடியில் காலுக்கடியில் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டால் அது சக்கரங்கள் உள்ளே போகிற சத்தம். நிறைய பேர் உண்மையில் பயப்படுவது இதற்கு அப்புறம்தான்: சில ஆயிரம் அடி ஏறியதும் இன்ஜின் சத்தம் சட்டென்று தணியும், வயிறு காலியாவது மாதிரி இருக்கும், இன்ஜின் நின்றுவிட்டது என்று பக்கத்து சீட்டில் யாராவது அலறுவார்கள். நிற்கவில்லை. போக வேண்டிய உயரம் வந்துவிட்டது, அதனால் விசையைக் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அறிவிப்பு வராத அந்த நிமிடங்களைத் தாங்குவதுதான் கஷ்டம். காக்பிட்டில் அப்போது விமானத்தை ஏற்றுவது, இறக்கையின் மடிப்புகளைப் படிப்படியாக உள்ளிழுப்பது, போகும் திசையைப் பார்ப்பது, கன்ட்ரோல் டவரோடு பேசுவது என்று வரிசையாக வேலை இருக்கும். நம்மிடம் பேசுவது அந்த வரிசையில் கடைசி, அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. முன்னால் இறங்கிய விமானம் ரன்வேயை விட்டு விலகவில்லை, பக்கக்காற்று, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லை, இல்லை என்றால் குறிப்பிட்ட உயரத்துக்குள் வேகமும் இறங்கும் கோணமும் சரியாக அமையவில்லை. இந்தக் கடைசிக் காரணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயப்பட வேண்டியது மேலே ஏறிய விமானத்தைப் பார்த்து அல்ல, ஏற வேண்டிய நேரத்தில் ஏறாததைப் பார்த்து. 2010 மே 22 அன்று மங்களூரில் நடந்த விமான விபத்தில் 158 பேர் இறந்தார்கள். இறக்கம் சரியில்லை, மேலே போய்விடலாம் என்று துணை விமானி திரும்பத் திரும்பச் சொல்லியும் கேப்டன் இறக்கினார் என்பது விசாரணையில் தெரிந்தது. 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு: மழையில் முதல் முறை கோ-அரவுண்ட் செய்த அதே விமானம், இரண்டாம் முறை ரன்வேயில் வெகுதூரம் தள்ளித் தரைதொட்டு, பள்ளத்தில் விழுந்து 21 பேர் போனார்கள். அங்கேயும் 'கோ-அரவுண்ட்' என்று துணை விமானியின் குரல் ஒலித்தது. நிலைகொள்ளாத இறக்கங்களில் நூற்றுக்கு மூன்று அளவில்தான் பைலட்டுகள் கோ-அரவுண்டுக்குப் போகிறார்கள் என்று விமானப் பாதுகாப்பை ஆராயும் ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு கண்டு சொன்னது, எனக்குத் தூக்கம் கெடுக்கிற கணக்கு அதுதான்.

இதன் மறுபக்கம், 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயலன்று சென்னை. இண்டிகோ விமானம் ஒன்று காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தரைக்கு மிக அருகில் தள்ளாடிவிட்டு மேலே ஏறிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'மயிரிழையில் தப்பினார்கள்' என்றுதான் அதைப் பகிர்ந்தார்கள். நான் அதில் பார்த்தது தயங்காமல் சரியான முடிவெடுத்த ஒரு பைலட்டை.

சரி, அடுத்து என்ன நடக்கும்? வழக்கமாகக் கால் மணி நேரம் போல ஒரு சுற்று சுற்றி மறுபடி இறக்குவார்கள். எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்று கவலை வேண்டாம், வேறு ஊருக்குப் போகவும் அதற்கு மேல் 30 நிமிடம் வானில் காத்திருக்கவும் வேண்டியதைக் கணக்குப்போட்டு நிரப்பித்தான் கிளம்புவார்கள். கைக்குழந்தை இருந்தால் இந்த நேரத்தில் பால் கொடுங்கள், விழுங்கும்போது காது அடைப்பு விடும். பெரியவர்கள் எச்சில் விழுங்கினாலே போதும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு 'இன்னொரு தடவை சுத்திட்டு இறங்கப்போறாங்க' என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள், அவர்கள் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான்.

வானிலை சரியாகவில்லை என்றால் சென்னைக்குப் போக வேண்டியவர்களைப் பெங்களூரிலோ திருச்சியிலோ இறக்கிவிடலாம். பெரும்பாலும் விமானத்துக்குள்ளேயே காத்திருக்கச் சொல்வார்கள், பணியாளர்களின் பணிநேரம் முடிந்துவிட்டால் மாற்று ஆட்கள் வரும்வரை இன்னும் இழுக்கும், அதனால் தரையிறங்கியதும் தண்ணீர் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போன் சார்ஜை மிச்சப்படுத்துங்கள். அடுத்த விமானமும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால் மாற்று ஏற்பாடு விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால் உள்ளே உட்கார்ந்தபடியே அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டுவிடுங்கள், கதவு திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். அழைத்துப் போக வந்திருப்பவருக்கும் ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள், விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப்பில் அது திரும்ப ஏறுவதைப் பார்த்துவிட்டு அவர் உங்களைவிட அதிகமாகப் பதறிக்கொண்டிருப்பார்.