கார் இன்சூரன்ஸ்: ஏஜென்ட் அண்ணன் பாத்துக்குவாருன்னு விட்டா வர்ற வினை

எனக்கு நடந்ததையே முதல்ல சொல்லிடுறேன். ஒரு தடவ பம்பர் உடைஞ்சு கிளைம் வாங்கினேன், அத வாங்கிக் கொடுத்ததே நம்ம ஏஜென்ட் அண்ணன்தான். அடுத்த ரினிவல்ல அதே மனுஷன் என்சிபி, அதாவது கிளைம் பண்ணாததுக்கு பிரீமியத்துல குடுக்குற தள்ளுபடி, 35 சதவீதம்னு போட்டு பாலிசி எடுத்துட்டாரு, பிரீமியம் மூவாயிரத்துச் சொச்சம் கம்மியா வந்துச்சா, நானும் பல்ல இளிச்சுக்கிட்டு வாங்கி வச்சுட்டேன். கிளைம் பண்ண வருஷத்துக்கு அடுத்த ரினிவல்ல என்சிபி பூஜ்யம்தான்னு அப்ப எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியாம இருக்குமா? மழையில பெருங்களத்தூர் பக்கம் மீடியன்ல ஏத்துனப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு. சேதத்த மதிப்பிட வந்த சர்வேயர் பழைய கிளைம் விவரத்த எடுத்து நீட்டுறாரு, "சார், கிளைம் வாங்கலைங்கிற டிக்ளரேஷன் உங்க பேர்லதானே இருக்கு"ங்கிறாரு. கிளைம்ல பாதிக்கு மேல வெட்டிட்டாங்க. அண்ணன் போன எடுக்கல.

இதுல பெரிய தப்பு என்னோடதுதான், பாலிசிய ஒரு தடவகூட திறந்து படிக்கல. திறந்திருந்தா இன்னொன்னும் கண்ல பட்டிருக்கும், மொபைல் நம்பர், இமெயில் ரெண்டுமே அவரோடது. ரினிவல் மெசேஜ், கம்பெனி அனுப்புற எதுவுமே நமக்கு வராது, எல்லாம் அவருக்குத்தான் போகும். இத நிறைய பேர் சாதாரணமா பண்றாங்க, கஸ்டமர் கைய விட்டுப் போயிடக்கூடாதுன்னு. ரினிவல் தேதி தெரியாமலே பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டுனா சேத்து வச்ச என்சிபி மொத்தமும் போச்சு.

அடுத்து காசு. கையில கேஷ், இல்ல அவரோட சொந்த ஜிபே நம்பருக்கு, ரெண்டுமே வேணாம். இன்சூரன்ஸ் சட்டம் 64விபி பிரிவுப்படி பிரீமியம் முன்கூட்டியே போய்ச் சேந்தாதான் ரிஸ்க் கம்பெனியோடது. நீங்க வெள்ளிக்கிழம குடுத்தத அவரு திங்கக்கிழம கட்டுனா நடுவுல சனிக்கிழம இடிச்சதுக்கு யாரு பொறுப்பு? கம்பெனி லிங்க் வாங்கி நீங்களே கட்டுங்க. "என் கமிஷன்ல பாதிய திருப்பித் தரேன்"னு சொன்னாலும் மயங்காதீங்க, 41வது பிரிவுப்படி அது தப்பு, வாங்குற நம்மளும் சேந்துதான் மாட்டுவோம்.

கொட்டேஷன் ரொம்ப கம்மியா இருந்தா ஐடிவிய, அதாவது பாலிசியில வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்ப, பாருங்க. ரெண்டு வருஷம் தாண்டுன காருக்கு தேய்மானம் 30 சதவீதம், அதாவது 8 லட்சம் காருன்னா 5 லட்சத்து 60 ஆயிரம் பக்கம் வரணும். அத நாலரைக்கு எறக்கிட்டு "பாருங்க சார், எவ்ளோ மிச்சம்"பாங்க, வண்டி திருடு போச்சுன்னா அந்த நாலரைதான் வரும். ஜீரோ டெப் (உதிரி பாகத்துக்கு தேய்மானம் கழிக்காம தர்றது), இன்ஜின் புரொடெக்ட் (தண்ணி புகுந்து இன்ஜின் கெட்டா தர்றது)னு கூடுதலா போடுற ஆட்-ஆன் ரெண்டையும் சத்தமில்லாம தூக்கிடுறதும் உண்டு. 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம்லயும் தண்ணி ஏறுன வண்டிய ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனவங்கள்ல எத்தன பேருக்கு அப்புறம்தான் இந்த ஆட்-ஆன் பேரே தெரிஞ்சுச்சு!

புது கார் வாங்குனவங்க இன்னொன்னுல ஏமாறுறாங்க. ஷோரூம்ல "மூணு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு"ம்பாங்க, பெரும்பாலும் அந்த மூணு வருஷம் தேர்ட் பார்ட்டிக்கு, அதாவது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு வர்ற சேதத்துக்கு மட்டும்தான், நம்ம வண்டிக்கு வர்ற சேதத்துக்கான கவர் ஒரு வருஷத்துல முடிஞ்சிடும்.

போலி பாலிசியும் இருக்கு, பைக்குக்கு மலிவா பாலிசி போட்டு பிடிஎஃப்ல காருன்னு மாத்திக் குடுத்துடுவாங்க. பேப்பர பாத்தா அசலா போலியான்னே தெரியாது. அதனால பாலிசி நம்பர கம்பெனி சைட்லயே போட்டுப் பாருங்க, அரசோட எம்பரிவாகன் ஆப்லயும் சில நாள்ல ஏறிடும்.

சட்டப்படி ஏஜென்ட் கம்பெனி ஆளு, புரோக்கர் நம்ம பக்கம் நிக்க வேண்டிய ஆளு. நாம ரெண்டு பேரையும் புரோக்கருன்னுதான் சொல்றோம், அது வேற கத.

ஏற்கனவே மாட்டிக்கிட்டீங்களா? முதல்ல கம்பெனியோட புகார் பிரிவுக்கு (கிரீவன்ஸ்) மெயில் போடுங்க, போன்ல கத்துறதுல பிரயோஜனம் இல்ல. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா போர்ட்டல்லயும் பதியலாம், இல்ல 155255க்கு கூப்பிடலாம். 30 நாள்ல பதில் வரலைன்னாலோ வந்த பதில் சரியில்லைன்னாலோ இன்சூரன்ஸ் புகார விசாரிச்சுத் தீர்க்குற ஆம்புட்ஸ்மேன் இருக்காரு, தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையிலதான் ஆபீஸ், ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேணாம், கம்பெனி கைய விரிச்சதுலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும். போறப்ப வாட்ஸப் சாட்ட பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, நான் கோவத்துல அண்ணன பிளாக் பண்ணி சாட்டையும் அழிச்சுட்டேன்.