வைட்டமின் ஈ வடிவங்கள் செல் சந்திப்புப் புரதங்களைக் காக்கின்றனவா: சோதித்துப் பார்க்கும் முறை

குடல் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் ஆக்லுடின், இசட்ஓ-1 ஆகிய புரதங்கள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் தம் இடத்தை விட்டு விலகும்போது, வைட்டமின் ஈயின் எந்த வடிவம் அவற்றைக் காக்கிறது என்று பார்க்கும் முறையை இங்கே எழுதுகிறேன். செல் வளர்ப்பு உங்களுக்குப் பழகியிருக்கும் என்றே கொள்கிறேன்.

படி 1: காகோ-2 செல்களை (மனிதப் பெருங்குடல் புற்றிலிருந்து பெறப்பட்ட, குடல் செல்களைப் போல வளரும் செல்கள்) நுண்துளைச் சவ்வுள்ள இன்சர்ட்டில் (தட்டின் குழிக்குள் வைக்கும் சிறு கிண்ணம்) சுமார் 21 நாள் வளர்த்து, மின்தடை (செல் படலம் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதைக் காட்டும் அளவு) நிலைபெற்ற பிறகு தொடங்குங்கள்.

படி 2: இயற்கையில் வைட்டமின் ஈயின் வடிவங்களாக 4 டோக்கோஃபெரால்களும் 4 டோக்கோட்ரையீனால்களும் உள்ளன. முதல் சோதனைக்கு ஆல்ஃபா, காமா டோக்கோஃபெரால்களும் காமா டோக்கோட்ரையீனாலும் போதும். இவை நீரில் கரையாதவை என்பதால் எத்தனாலில் கரைத்து, ஊடகத்தில் (செல்கள் வளரும் திரவத்தில்) எத்தனால் 0.1 விழுக்காட்டைத் தாண்டாதபடி சேருங்கள். எத்தனால் மட்டும் சேர்த்த செல்களும் ஒப்பீட்டுக்கு வேண்டும். செல் சவ்வில் படிய நேரம் பிடிக்குமாதலால் முந்தைய நாளே கொடுத்துவிடுங்கள்.

படி 3: ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்க ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ப்பது. நான் பல வாரங்களை இழந்தது இந்தப் படியில்தான். வைட்டமின் பெறாத செல்களிலும் மின்தடை குறையவேயில்லை. புட்டி பழையது என்று எண்ணிப் புதியதை வாங்கினேன், அளவைக் கூட்டினேன், பயனில்லை. காரணம், செல்களுக்கு ஊட்டமாக ஊடகத்தில் இருந்த பைருவேட். அது பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிந்து, செல்லைத் தொடும் முன்பே அதை அழித்துவிடுகிறது. பைருவேட்டும் சீரமும் இல்லாத ஊடகத்தில் செல்களைக் கழுவி, அதே ஊடகத்தில் பெராக்சைடைக் கொடுத்த அன்றுதான் மின்தடை சரிந்தது. வைட்டமின் இல்லாத செல்களில் பாதிப்பு தெரியாதவரை, எந்த வடிவமும் காத்தது என்று தயவுசெய்து முடிவுகட்டாதீர்கள்.

படி 4: வெஸ்டர்ன் பிளாட்டை (புரதத்தின் மொத்த அளவைக் காட்டும் சோதனை) மட்டும் நம்புவதை நான் ஏற்பதில்லை. ஆக்லுடினின் மொத்த அளவு மாறாமலே அது செல் விளிம்பிலிருந்து உள்ளே நகர்ந்திருக்கலாம். ஒளிரும் ஆன்டிபாடியால் சாயமேற்றி, கான்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் அது தெரியும். மின்தடையை ஒவ்வொரு முறையும் ஒரே வெப்பநிலையில் அளவிடுங்கள்; தட்டு குளிர்ந்தாலே எண் மாறிவிடும்.

பின்னர் சேர்த்தது: டோக்கோஃபெரில் அசிடேட்டை (டோக்கோஃபெராலோடு அசிடேட் இணைந்த வடிவம்) பயன்படுத்தலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதில் ஹைட்ராக்சில் தொகுதி மூடப்பட்டிருப்பதால், செல்லின் எஸ்டரேஸ் நொதிகள் அசிடேட்டை வெட்டிய பிறகே அது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும். ஆகவே அதை ஆல்ஃபா டோக்கோஃபெராலுக்கு மாற்றாகக் கொள்ளாமல், தனி வடிவமாகவே சோதியுங்கள்.