பொப்கட் இழுக்கவில்லையா? பம்பைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஸ்கிட் ஸ்டியர் லோடர், நாம் பொப்கட் என்று கூப்பிடும் முன்பக்க பக்கெட் வைத்த சிறிய இயந்திரம், இழுக்காமல் நின்றால் பலரும் முதலில் சொல்வது "பம்ப் போயிட்டுது" என்பதுதான். உடனே கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய் ரீகண்டிஷன் பம்ப் தேடுவார்கள். பெருஞ்செலவு அது. உண்மையான காரணம் உள்ளேயே கிடந்தால் வாங்கிய பம்பும் கெட்டுப்போகும். கழற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: பழுது இரண்டு பக்கத்திலுமா, ஒரு பக்கத்தில் மட்டுமா?

இயந்திரம் ஓடும் விதம் தெரிந்தால் அந்தக் கேள்வியின் பெறுமதி விளங்கும். எஞ்சினோடு இரண்டு டிரைவ் பம்புகள் பூட்டியிருக்கும். இடப்பக்கச் சில்லுகளைச் சுற்றும் ஹைட்ரோலிக் மோட்டாருக்கு ஒன்று, வலப்பக்க மோட்டாருக்கு ஒன்று. மோட்டாருக்குப் போகும் ஹைட்ரோலிக் ஒயில் தாங்கிக்குப் போகாமல் நேரே பம்புக்கே திரும்பும். இடையில் கசிந்து குறைவதை நிரப்புவது சார்ஜ் பம்ப் என்ற சிறிய பம்ப். பல மாடல்களில் பார்க்கிங் பிரேக்கை விடுவிப்பதும் அதே அழுத்தம்தான்.

முதலில் பாதுகாப்பு. பக்கெட்டைத் தாங்கும் லோடர் கைகளைத் தூக்கினால், அவற்றுக்கு லொக் போடாமல் கீழே தலை வைக்க வேண்டாம். ஜக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒயில் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது, ஒரு காட்போட் மட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளையால் பீறும் ஒயில் தோலுக்குள் ஏறினால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

படி 1: ஹைட்ரோலிக் ஒயில். லோடர் கைகளை இறக்கி, இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி மட்டம் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மழைக்காலத்தில் மூடி வழியாகவோ, பிரஷர் வோஷ் செய்தபோதோ இறங்கியிருக்கலாம். நுரைத்தால் காற்று இழுக்கிறது, உறிஞ்சும் ஹோஸின் கிளிப்புகளைப் பாருங்கள். ஒயில் வகையை மெனுவலில் உள்ளபடியே போடுங்கள்.

படி 2: இரண்டு பக்கமும் தளர்ந்தால். சீட் பார் (ஓட்டுபவரின் மடிக்கு மேல் இறங்கும் பாதுகாப்புக் கம்பி) இறங்கியிருக்கிறதா, அதன் பியூஸ் சரியா என்று பாருங்கள். அது சரியில்லாவிட்டால் டிரைவ் பூட்டியே இருக்கும். அடுத்து ஹைட்ரோலிக் பில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் சார்ஜ் அழுத்தம்: டெஸ்ட் போர்ட்டில் (அழுத்தம் அளக்கும் துளையில்) 40 பார் (bar, அழுத்த அலகு) வரை காட்டும் கேஜைப் பூட்டுங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் 20 முதல் 30 பார் அளவில் நிற்கும், உங்கள் மாடலின் சரியான எண் மெனுவலில் இருக்கும். அழுத்தம் குறைவென்றால் உறிஞ்சும் வடி (ஸ்ட்ரெய்னர்), சார்ஜ் ரிலீப் வால்வு (அழுத்தம் கூடினால் திறக்கும் வால்வு), சார்ஜ் பம்ப் என்ற வரிசையில் போங்கள். டிரைவ் அழுத்தம் 300 பாரைத் தாண்டக்கூடியது. இந்தச் சிறிய கேஜை அந்தப் பக்கம் பூட்டவே கூடாது.

படி 3: ஒரு பக்கம் மட்டும் என்றால். அந்தப் பக்கத்தில் ஒரு சில்லு சுற்றி மற்றது சும்மா நின்றால் அது ஹைட்ரோலிக் பழுதே இல்லை; ஒரே மோட்டார்தான் அந்த இரண்டு சில்லுகளையும் செயினால் சுற்றுகிறது, ஆகவே செயின் அறுந்திருக்கலாம். லீவர் இணைப்பு கழன்றிருக்கிறதா, பைபாஸ் வால்வு (ஒயிலை மோட்டாருக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முன்னே நன்றாகப் போய், பின்னே மட்டும் இழுக்காவிட்டால் ரிலீப் வால்வைச் சந்தேகியுங்கள். அதே பம்பின் இரண்டு ரிலீப் வால்வுகளும் ஒரே வகையென்றால் இடம் மாற்றிப் பூட்டுங்கள். பழுதும் திசை மாறினால் வால்வுதான் குற்றவாளி.

இரு திசையிலும் தளர்வென்றால் பம்பா, மோட்டாரா? இடது வலது டிரைவ் ஹோஸ்களைப் பம்ப் முனையில் மாற்றிப் பூட்டுங்கள். முனைகளை நன்றாகத் துடைத்து மூடி வைத்துச் செய்யுங்கள், ஒரு மணல் துகள் போதும் பம்பைத் தின்ன. இப்போது லீவர்கள் பக்கம் மாறி வேலை செய்யும், திசையும் மாறலாம். ஆகவே ஆளில்லாத வெளியில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பழுது மற்றப் பக்கத்துக்குப் போனால் பம்ப், அதே பக்கத்தில் நின்றால் மோட்டார்.

படி 4: எஞ்சின் சத்தம். லீவரைத் தள்ளும்போது எஞ்சின் திணறி, இயந்திரம் அசையாவிட்டால் அழுத்தம் வருகிறது, பெரும்பாலும் பிரேக் பிடித்திருக்கும். எஞ்சின் திணறவே இல்லையென்றால் அழுத்தம் வரவில்லை, அல்லது எங்கோ கசிகிறது. காலையில் நன்றாக ஓடி, சூடேறியதும் சோர்ந்தால் உள்தேய்மானமாக இருக்கலாம். ஆனால் கொழும்பு வெயிலில், கட்டடம் இடிக்கும் தூசிக்குள் ஓடும் இயந்திரத்தில் ஒயில் கூலர் அடைத்திருப்பதும் இதே குறியைக் காட்டும். முதலில் கூலரை உட்பக்கத்திலிருந்து வெளியே காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

பம்பையோ மோட்டாரையோ மாற்றத்தான் வேண்டுமென்றால், பழைய பில்டரை வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள். மஞ்சள் உலோகத் தூள் இருந்தால் உள்ளே பித்தளைப் பாகங்கள் தேய்ந்திருக்கின்றன. ஒயில் பம்புக்கும் மோட்டாருக்கும் இடையிலேயே சுற்றும் மூடிய சுற்று என்பதால் மோட்டாரில் உடைந்த துண்டு பம்புக்கே வரும். ஹோஸ்கள், கூலர், தாங்கி எல்லாவற்றையும் கழுவாமல் புதியதைப் பூட்ட வேண்டாம். பூட்டியதும் பம்பின் கேஸ் (வெளிக்கூடு) நிறைய சுத்தமான ஒயில் ஊற்றுங்கள். எரிபொருளை நிறுத்தி வைத்து, சார்ஜ் கேஜ் அசையும்வரை இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்டரை மட்டும் சுற்றுங்கள். பிறகு எஞ்சினைத் தொடக்கி, சில நிமிடம் ஐடிலில் விட்டு ஒயில் மட்டத்தை மறுபடி பாருங்கள்.